எங்கள் தெருவுக்குள் பெத்தாங் வந்தது

அந்தப் பையை அவர் என் கடைக் கவுண்டர்மேல் வைத்தபோது கண்ணாடி உடைந்தே போய்விட்டது என்று நினைத்தேன். டொம்மென்று ஒரு சத்தம். தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓடி வந்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பைக்குப் பின்னால் அறுபது தாண்டிய ஓர் அம்மாள் நின்றிருந்தார். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, காட்டன் கவுன், காலில் கான்வாஸ் ஷூ.

"பர்தோன்! பயந்துட்டியா? பொடவைங்களுக்கு ஃபால்ஸ் தெக்கணும்" என்று பைக்குள் கையை விட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில் பளபளவென்று மூன்று இரும்புக் குண்டுகள் கிடந்தன.

"இன்னா மதாம், பொடவைக்குள்ள பீரங்கி குண்டு வெச்சிருக்கீங்க?"

"பெத்தாங் வெளாடுறது. எடுத்துப் பாரு."

எடுத்தேன். கை நிறைய இருந்தது. சில்லென்று, நினைத்ததைவிடக் கனமாக. புதுச்சேரியில் பிறந்துவிட்டு பெத்தாங் தெரியாமல் இருக்க முடியாது. ஒரு சின்ன மரக் குண்டைத் தூரத்தில் போட்டுவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்று பார்க்கிற ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் ஆண்கள் வட்டமாக நின்று அதையே முறைத்துக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு குண்டைக் கையில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மாளின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். இரண்டு பேரும் பிரான்சின் தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு, எங்கள் தெருக் கோடியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்திருந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே தெரு முழுக்க அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

புடவைகளைக் கொடுத்துவிட்டு அவர் உடனே போகவில்லை. வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"அந்த எடத்துல யாரும் வெளாடுறதில்லியா?"

"அங்க வண்டி விடுவாங்க மதாம்."

"வண்டி விடவா அவ்வளவு அழகா சரளை கொட்டி வெச்சிருக்காங்க?"

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. லேஸ், பட்டன், வளையல், செருப்பு, பாத்திரம் என்று சின்னச் சின்னக் கடைகள். முன்பெல்லாம் தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தத் தெருவில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடக்க முடியாது. பிறகு ஜனங்கள் பெரிய ஷோரூம்களுக்குப் போனார்கள், போனிலேயே ஆர்டர் போட்டார்கள். கடலோரம் வெள்ளைக்காரத் தெருக்களில் டூரிஸ்ட் கூட்டம் அலைமோதும். நடுவில் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கே ஒவ்வொரு ஷட்டராக இறங்க ஆரம்பித்துவிடும். நெல்லித்தோப்பில் இருக்கிற வீட்டுக்கு ஸ்கூட்டியைக் கிளப்பும்போது தெருவே காலியாக இருக்கும்.

என் கடைக்கு எதிரில் ஒரு பழைய வீடு மழையில் இடிந்து, அந்த இடம் குப்பைமேடாகக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடையைத் திறப்பேன். ஊர் நடுவே இருக்கிற தெருக்களைச் சீர்படுத்தும் வேலை வந்தபோது அதையும் சுத்தம் செய்தார்கள். செம்மண் சரளை கொட்டிச் சமன் செய்து, சிமென்ட் பெஞ்சுகள் போட்டு, விளக்குக் கம்பங்கள் நட்டுப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு எல்லாரும் லட்டு சாப்பிட்டோம். அதற்கப்புறம் அங்கே என்ன செய்வதென்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரமே முதல் பைக் நின்றது. அதைப் பார்த்து இன்னொன்று.

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்டவர் செருப்புக்கடை அண்ணன். எங்கள் கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். "கஸ்டமருக்கு வண்டி விட எடம் கெடச்சுதே, அதுவே பெருசு" என்பார்.

மறுநாள் சாயங்காலம் மதாம் மறுபடி பையோடு வந்தார். கடைக்குள் வராமல் நேரே திடலுக்குள் போனார். பைக்குகளுக்கு நடுவே காலி இடம் பார்த்து, ஷூ முனையால் தரையில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் கால்களைச் சேர்த்து வைத்து நின்றார். மரக் குண்டை வீசினார். பிறகு குனிந்து, கையைப் பின்னால் கொண்டுபோய், இரும்புக் குண்டை விட்டார். அது காற்றில் மெதுவாக எழும்பி, பொத்தென்று விழுந்து, நாய்க்குட்டி மாதிரி ஓடிப்போய் மரக் குண்டின் பக்கத்தில் நின்றது. நான் ஊசியில் நூல் கோர்ப்பதை விட்டுவிட்டேன். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். பாத்திரக்கடைக்காரர் வெளியே வந்தார்.

"பாத்துக்கிட்டே இருக்கறியே, வா" என்று மதாம் என்னைக் கூப்பிட்டார்.

கழுத்தில் இன்ச் டேப் தொங்க அப்படியே போனேன். எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது என்று காட்டினார். நான் பலமாக வீசினேன். குண்டு மரக் குண்டைத் தாண்டி, சரளையைத் தாண்டி, வரிசையில் நின்ற ஒரு ஸ்கூட்டரின் மட்கார்டில் போய் மோதியது. அந்தச் சத்தம் தெருக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்கூட்டர் யாருடையது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

செருப்புக்கடை அண்ணன் கையில் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். "யாரு? யாரு போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதாம் சொன்னார்: "முசியே, வண்டிய ஓரமா நிறுத்தியிருந்தா பட்டிருக்காதே."

"இது பார்க்கிங் மதாம்!"

"எங்க எழுதியிருக்குது?"

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போனபிறகு எனக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது!

அடுத்து வந்தவர் லேஸ் கடை அக்கா. என் கடையை ஒட்டின கடை அவருடையது. அவர்கள் குடும்பம் தலைமுறையாக இந்தத் தெருவில் வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். அக்கா கொஞ்ச நாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். ஒருநாள் தானாகவே திடலுக்கு வந்து, "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார். அவர் போட்ட முதல் குண்டே மரக் குண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் வாயைப் பிளந்தேன்.

"சின்ன வயசுல கோலி அடிச்ச கை" என்றார் சாதாரணமாக. பிறகு மரக் குண்டைக் காட்டி, "மதாம், இத்துக்கு இன்னா பேரு?" என்று கேட்டார்.

"கொஷோனே. அப்படின்னா பன்னிக்குட்டி."

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரு நொடி மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தவர் அக்காதான்.

"நல்லாருக்குதே! சாயங்காலமெல்லாம் எங்க போறேன்னு வீட்டுல கேட்டா, பன்னிக்குட்டி பின்னாடி போறேன்னு சொல்லவா? வேற பேரு வைங்க."

"சுண்டைக்கா" என்றேன் நான். அன்றிலிருந்து அதற்குச் சுண்டைக்கா என்றுதான் பெயர். மதாமே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார், கொஞ்சம் பிரெஞ்சு இழுவையோடு.

அதற்குப் பிறகு சாயங்காலம் எப்போது வரும் என்றிருக்கும் எனக்கு. வெயில் தாழ்ந்ததும் பாத்திரக்கடைக்காரரிடம் "கொஞ்சம் கடைய பாத்துக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் இறங்கிவிடுவோம். வருஷக்கணக்காக மிஷின்மேல் குனிந்திருந்த என் தோள், முதல் வாரம் வலியில் கழன்றுவிடும்போல் இருந்தது. இரண்டாவது வாரம் அந்த வலியே பிடித்துப்போனது. குண்டு நினைத்த இடத்தில் விழும்போது உடம்புக்குள் ஒரு துள்ளல் வரும் பாருங்கள், அதற்காக எத்தனை தோள் வலி வேண்டுமானாலும் தாங்கலாம். வேடிக்கை பார்க்க பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். சுண்டல்காரர் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றார். நிற்க இடமில்லாமல் பைக்குகள் ஒவ்வொன்றாகத் தெருமுனைக்கு நகர்ந்தன.

போட்டி நடத்தலாம் என்று சொன்னது அக்கா. "சனிக்கெழம சாயங்காலம் தெருவ வண்டிங்களுக்கு மூடிடுவோம். கடையெல்லாம் தொறந்திருக்கட்டும். மத்த ஏரியாலேருந்து டீமுங்கள கூப்புடுவோம்." சொல்லும்போதே அவர் கண்கள் மின்னின. சங்கக் கூட்டத்தில் இதை வைத்தோம். செருப்புக்கடை அண்ணன் எழுந்துவிட்டார்.

"சனிக்கெழமதான் ஏதோ நாலு பேரு வராங்க. அன்னிக்கு போய் தெருவ மூடினா வியாபாரம் படுத்துடும்."

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "இப்ப மட்டும் எழுந்து நிக்கிதாண்ணா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கடைசியில், "சரி, ஒரே ஒரு சனிக்கெழம. அன்னிக்கு யாவாரம் கெட்டா, அந்த எடம் பார்க்கிங்தான்னு போர்டு வெச்சிடணும். அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். சம்மதித்தோம். தெருவை மூட அனுமதி வாங்க மதாமும் அக்காவும் அலைந்தார்கள். நானும் பாத்திரக்கடைக்காரரும் தெருவுக்குக் குறுக்கே கட்டத் தோரணம் தைத்தோம். என் கடையில் வெட்டிப்போட்ட துணியெல்லாம் முக்கோணம் முக்கோணமாகத் தலைக்குமேல் ஆடியது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டீம்கள் வேறு வர ஆரம்பித்துவிட்டன. உப்பளத்திலிருந்து பல வருஷமாக ஆடுகிறவர்கள், நெல்லித்தோப்பிலிருந்து மெக்கானிக் இளைஞர்கள், பென்ஷன்காரர்கள் டீம் ஒன்று. பெண்கள் டீம் நாங்கள் மட்டும்தான். தூறல் விழுந்தது. ஜனங்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கடைகளுக்குள் ஒதுங்கினார்கள்! தெருவில் இருந்த எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் நிரம்பின. ஒதுங்கினவர்கள் சும்மா நிற்பார்களா? லேஸ் கடையில் நாலு பெண்கள் பட்டன் டப்பாக்களைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். என் கடையில் ஒரு பாட்டியம்மாவும் மருமகளும், "நீங்க ஓரம் அடிச்சுத் தருவீங்களா? இங்க ஒரு கடை இருக்கறதே தெரியாதே" என்றார்கள். தூறல் நின்றபோது சரளை நனைந்து இன்னும் சிவப்பாக இருந்தது.

முதல் ஆட்டமே எங்களுக்கும் நெல்லித்தோப்பு மெக்கானிக்குகளுக்கும். அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "யக்கா, எங்க நெல்லித்தோப்புதானே நீங்க? பாத்துப் போடுங்க, கால்ல போட்டுக்காதீங்க" என்றான். அந்த ஒரு வார்த்தை போதும். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

அவர்கள் நிறையப் புள்ளி எடுத்தார்கள், நாங்கள் பிடித்தோம். மறுபடி ஓடினார்கள், மறுபடி பிடித்தோம். பதின்மூன்று புள்ளியை முதலில் எடுப்பவர்களுக்குத்தான் வெற்றி. இரண்டு பக்கமும் பன்னிரண்டில் நின்றபோது தெருவில் ஒரு இன்ச் இடம் பாக்கியில்லை. மாடிகளில் எல்லாம் தலைகள். என் வீட்டுக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தவர் பெஞ்ச்மேல் ஏறி நின்று என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கடைசிக் குண்டு என் கையில் இருந்தது. மெக்கானிக்கின் குண்டு சுண்டைக்காய்க்கு மிக அருகில் நின்றது.

"அவசரப்படாத. மூச்ச விடு" என்றார் மதாம் என் காதருகே.

விட்டேன். மூச்சையும் குண்டையும். அது ஈரச் சரளையில் கோடு போட்டுக்கொண்டு ஓடி, சுண்டைக்காயின் மறுபக்கம் போய் நின்றது. யாருடையது கிட்டே? கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவராக இருந்த பெரியவர் பாக்கெட்டைத் தடவினார். அளக்கும் டேப்பை எங்கேயோ விட்டுவிட்டார். எல்லார் கண்ணும் என் கழுத்துக்கு வந்தது.

"டேப்ப குடுக்கறேன். ஆனா நான் அளக்க மாட்டேன்" என்றேன். "வேற யாராவது அளக்கட்டும்."

"செருப்புக்கடக்காரரு அளக்கட்டும்! அவருக்கு ரெண்டு பக்கமும் வேணாம்!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அண்ணன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு திடலுக்கு நடந்து வந்து, ஈரச் செம்மண்ணில் முட்டி போட்டார். ஒரு பக்கம் அளந்தார். மறுபக்கம் அளந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி அளந்தார்.

"நம்ம தெரு குண்டுதான் கிட்ட" என்றார். "ஒரு நூல்."

நம்ம தெரு என்று அவர் சொன்னதைக் கூட நான் அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் காதே அடைத்துப்போகும்படி தெரு அலறியது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார். மதாம் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அந்த மெக்கானிக் பையன் கையை நீட்டி, "யக்கா, மன்னிச்சிக்குங்க" என்றான். மறுபடி ஆடலாம் வா என்றேன்.

அடுத்த ஆட்டத்தில் உப்பளம் டீம் எங்களைத் துவைத்துக் காயப்போட்டது. எங்களுக்கு வந்தது நாலு புள்ளி. அவர்களில் ஒரு பெரியவர் எங்கள் குண்டுகளைக் குறிபார்த்து அடித்துத் தெறிக்கவிடுவதைப் பார்த்து நாங்களே கை தட்டினோம். தோற்றுவிட்டோம் என்ற வருத்தம் துளிகூட இல்லை. வழக்கமாக ஷட்டர் இறங்குகிற நேரம் போய் வெகுநேரம் ஆகியும் ஒரு கடைகூட மூடவில்லை. செருப்புக்கடையில் குழந்தைகளுக்குக் கான்வாஸ் ஷூ வாங்கக் கூட்டம் நின்றது, எல்லாப் பிள்ளைகளுக்கும் மதாம் போட்டிருந்த மாதிரியே வேண்டுமாம். அண்ணன் முட்டியில் செம்மண் கறையோடே பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் போர்டைப் பற்றி யாரோ எடுத்தார்கள். "அத அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அண்ணன், மேலே எதுவும் சொல்லாமல். அது இன்றுவரைக்கும் பேசப்படவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் தெருவை மூடி ஆடினோம். எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். புள்ளி சொல்ல வைத்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். சரி என்று ஒலிபெருக்கியையே எடுத்துவிட்டோம், எங்கள் குரல் போதும். சுண்டல் வண்டிக்கும் பஜ்ஜி வண்டிக்கும் இடத் தகராறு வந்தது. இரண்டு வாரம் மழையில் ஆட்டமே இல்லை. ஆனால் சனிக்கிழமை என்றால் தெரு மூடும் என்பது ஊருக்குப் பழகிவிட்டது. கேரம் போர்டு கொண்டுவருகிறார்கள். நாதஸ்வரம் பழகுகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். டூரிஸ்டுகள் வாய்க்காலைத் தாண்டி வந்து, வழி தவறிவிட்டதோ என்று ஒரு கணம் திகைத்து, பிறகு நின்றுவிடுகிறார்கள்.

போன மாதம் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட இனித்தது. ஒரு சனிக்கிழமை காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து பெண்கள் சிலர் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். முன்னால் நின்ற அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இங்க பொம்பளைங்க டீமு ஒண்ணு கீதாமே, யாரு?"

"நாங்கதான்" என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில்.

"ஆடலாமா?"

எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். எங்கள் ஆட்டத்தை யாரோ எடுத்த வீடியோவை போனில் பார்த்து, கடலோரத்தில் உருண்டைக் கல்லை வைத்தே பழகியிருக்கிறார்கள். இரும்புக் குண்டைத் தொடுவது அன்றுதான் முதல்தடவையாம். மதாம் தன் குண்டுகளை எடுத்துக் கொடுத்தார். மீன் கூடை தூக்கின கைகள் அவை. முதல் இரண்டு சுற்று தடுமாறினார்கள். பிறகு அந்த அம்மாள் குறிபார்த்து விட்ட குண்டு, அக்காவின் குண்டைத் திடலுக்கு வெளியே அனுப்பியது. தெருவே எழுந்து நின்றது. எங்களை எங்கள் தெருவிலேயே தோற்கடித்தார்கள். மதாம் தலையில் கை வைத்துக்கொண்டு, "மோன் தியே, கடவுளே, இவங்களுக்கு நான் கத்துக்குடுக்க ஒண்ணுமே இல்ல!" என்று துள்ளினார்.

அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுண்டல் பொட்டலங்களைக் கையில் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்புவதற்கு முன் அந்த அம்மாள் நின்று கத்தினார்:

"அடுத்தவாட்டி நீங்க எங்க ஊருக்கு வரணும்! மணல்ல ஆடலாம்!"

"மணல்ல குண்டு உருளாதே!" என்று மதாம் பதிலுக்குக் கத்தினார்.

"உருளாட்டி தூக்கிப் போடுங்க!"

அவர்கள் சிரிப்பு மார்க்கெட் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், மணலு எங்க கெடைக்கும்? நாளைக்கே ஒரு மூட்டை எறக்கி அந்த ஓரத்துல கொட்டிப் பழகிடணும்."

செருப்புக்கடை அண்ணன் ஷட்டர் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்ச லாரிக்காரர் ஒருத்தர் கீறாரு" என்றார்.